கீழ்வேளூர் பஸ்ஸில் வந்த டாக்டர்

"கொஞ்சம் நகருங்க... அவங்களைப் படுக்க வைக்கணும்."

கொட்டும் மழையில் தஞ்சாவூரை நெருங்கிக்கொண்டிருந்த கீழ்வேளூர் பஸ்ஸில் அந்தக் குரல் கேட்டு இராஜாங்கம் நிமிர்ந்தான். முன் சீட்டுப் பெண். மழை வெளிச்சத்தில் மின்னும் பெரிய கண்கள்... ஆனால் அவை வயிற்றைப் பிடித்தபடி துவண்டு கிடந்த அவன் தங்கை நீலாம்பாளைத்தான் பார்த்தன.

நாடி பிடித்தாள். இமையை விலக்கிப் பார்த்தாள். நாள் தள்ளிப்போயிருக்கிறதா, தோள்பட்டையும் வலிக்கிறதா என்று கேட்டாள். இரண்டுக்கும் தலையாட்டினாள் நீலாம்பாள்.

"கரு குழாயில தங்கி வெடிச்சிருக்கும். உள்ளுக்குள்ள ரத்தம் போகுது."

பள்ளிக்கூட வாத்தியாரான இராஜாங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போன வருஷம் இப்படி வந்துதாங்க வலப்பக்கக் குழாயையே எடுத்தாங்க. இப்பவும் அதே பக்கம்தான் வலி. இல்லாத குழாயில எப்படிங்க கரு தங்கும்?"

"கர்ப்பப்பையை ஒட்டி ஒரு துண்டு மிஞ்சும். அபூர்வமா அதுலயும் தங்கும். நான் டாக்டர்தான்... சண்டையை ஆஸ்பத்திரியில வச்சுக்கலாம்."

அவள் டிரைவரிடம் போய்ப் பேசினாள். பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அங்கே மேல்படிப்பு படிப்பவளாம். ஈரப் புடவையோடு தன் பெரிய டாக்டரைத் தேடி ஓடினாள். வயிற்றைத் திறந்து பார்த்தால் அவள் சொன்னதேதான். நீலாம்பாள் பிழைத்தாள்.

பிறகு தினமும் வார்டு வாசலில் நின்றான் இராஜாங்கம்.

"உங்க தங்கச்சி உள்ள இருக்காங்க சார்... நீங்க இங்க யாரைப் பார்க்கிறீங்க?" என்பாள் அவள். அவனுக்குக் காதெல்லாம் சூடாகும்.

அவள் பெயர் அகிலாண்டம் என்றும், எந்த ஊர்ப் பண்ணை வீட்டுப் பெண் என்றும் தெரிந்த அன்று அவன் மனசு கனத்துப் போயிற்று. கூலி உயர்வு கேட்டு அவன் அப்பா கோவிந்தராசு சிறைக்குப் போனது அவள் தாத்தாவை எதிர்த்துத்தான். மறுநாளிலிருந்து இராஜாங்கம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

காரணத்தைக் கேட்டறிந்த அப்பா வெற்றிலையைக் கீழே வைத்தார். "சண்டை எனக்கும் அந்தப் பெரியவருக்கும்டா. அந்தப் பொண்ணு, யார் வீடுன்னு கேட்டா என் மகளைக் காப்பாத்துச்சு?"

நீலாம்பாள் வீடு திரும்பும் நாளில் இராஜாங்கம் வராந்தாவில் அகிலாண்டத்தின் எதிரே போய் நின்றான்.

"உங்களைப் பிடிச்சிருக்குங்க. நான் கோவிந்தராசு மகன். உங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல."

வெளியே மழை வலுத்தது. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"எங்க வீட்டுல நான் பேசிக்கிறேன்..." குரல் தழைந்தது. "ஆனா இனிமே சொல்லாம கொள்ளாம வர்றதை நிறுத்திடாதீங்க. நீங்க வராத நாளெல்லாம்... எனக்கு வேலையே ஓடலைங்க."