ஆள் வைக்காத தெரு

அச்சிமுகம்மதுவின் கடைக்கதவு அரைவாசி திறந்து கிடந்தது.

மீராசா அதை மூடித்தான் வைத்திருந்தார். ஆறு பலகைகளையும் கணினியில் ஒவ்வொன்றாகச் செய்து, உப்புக்காற்றில் வெளிறிய பச்சை நிறம் பூசி, தாழ்ப்பாளும் போட்டது அவருடைய கைதான். உண்மையான கடை இப்போது இல்லை. ஐந்து வருசத்துக்கு முன், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அந்தக் கடையையும் கடைக்காரரையும் கல்முனைக் கடற்கரையோரத்து அந்தத் தெருவையும் கடல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது மீராசாவின் மாடிவீடு ஒன்றுதான். அதன் கீழ்த்தளத்தில் இருந்த மனைவி ஸுலைஹாவும் மகள் அம்ஹாவும் மிஞ்சவில்லை.

அன்று அவர் கொழும்பில் இருந்தார். தொலைக்காட்சியில் இந்த வருசம்வரை மொத்தம் இருபத்தாறு வருச வேலை. கண்ணாடித்தாளில் கையால் படம் வரைந்த காலத்தில் சேர்ந்தவர், கணினி வந்ததும் தானாகவே படித்துக்கொண்டு, செய்திக்கு முன்னால் சுழலும் பூகோளத்திலிருந்து பிள்ளைகள் நிகழ்ச்சியில் துள்ளிவரும் முயல்குட்டி வரை எத்தனையோ உருவங்களை அசைய வைத்தார். அந்த ஞாயிறு காலையிலும் புதுவருச நிகழ்ச்சிக்காக எழுத்துகளை மினுங்கச் செய்துகொண்டிருந்தார். அந்தத் தெருக்காரரில் அலையைக் காணாதவர் அவர் ஒருவர்தான்.

இந்த வருசம் சண்டை முடிந்தது. வேலையை விட்டு ஊருக்கு வந்து, இடிந்த கீழ்த்தளத்துக்கு மேலே தனியாகக் குடியிருந்தவரை, பழைய கூட்டாளி கனகரெத்தினம் கொழும்பிலிருந்து தேடிப்பிடித்தார். அலையின் ஐந்தாம் வருச நினைவுப் படத்துக்கு மூன்று நிமிசம் வேண்டும். தெரு, கடல், அலை. மீராசா ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்.

"எல்லாம் செய்வன் மச்சான். ஆள் மட்டும் வைக்கமாட்டன்."

ஆள் வைத்தால் முகம் வைக்க வேண்டும். அந்தத் தெருவின் முகங்கள் அத்தனையும் அவருக்குத் தெரியும்.

கணினித் தெருவுக்குள் கமராவைத் தன் மாடிச் சன்னலின் உயரத்தில் கடலைப் பார்க்க வைத்தார். கடைக்கதவைத் திரும்ப மூடி, எல்லாப் பிரேம்களையும் ஒவ்வொரு படமாக மறுபடி வரையும்படி கணினிக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தார். காலையில் முதல் சில வினாடிகளைப் பார்த்தபோது தெருவின் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எங்கோ பழைய கோப்பு கலந்துவிட்டது என்று எரிச்சல்பட்டார். ஒளிபரப்புக்கு எட்டு நாள்தான் இருந்தது. கதவுகளைப் பிறகு திருத்துவதாக எழுதி, அப்படியே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

அன்று பின்னேரம், அஸர் தொழுது முடிந்த நேரம், மாரி மழை தகரத்தில் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கையில், கனகரெத்தினத்தின் போன் வந்தது.

"மீராசா, ஆள் வைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு இவ்வளவு பேரையும் செஞ்சி வெச்சிரிக்காய்! உசிரோட நிக்கிற மாதிரி இரிக்கி."

மீராசா போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஒண்டுதான் விளங்கல்ல. பின்னால அலை வருது, ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பல்ல. கமராவையே பாத்துக்கொண்டு நிக்காங்க. ஏன்டாப்பா?"

போனை வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாவடிப்பள்ளியில் இருக்கும் தங்கச்சி நதீராவுக்கு எடுத்தார்.

"காக்கா, சோறு தின்டீங்களா?"

"ஓம்." தின்னவில்லை.

"அந்த ஊட்டுல தனிய இரிக்காதீங்க எண்டு எத்தின தரம் சொல்றது? இவரு வந்து கூட்டிக்கொண்டு வருவாரு. வாங்களன்."

அவள் புருசனை வரச்சொன்னால் போதும். ஆனால் என்ன காரணம் சொல்வது?

"நாளைக்கிப் பாப்பம்," என்றார். அவள் குரல் போனதும் மழைச்சத்தம் அறையை நிரப்பிக்கொண்டது.

பழைய பெரிய மொனிட்டரின் முன்னால், கடல்பக்கச் சன்னலுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினார். இருநூற்றுப் பதினொன்றில் தெரு வெறுமையாக இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றார்கள். நாற்பது பேர் இருக்கும். சாரத்தை மடித்துக்கட்டிய அச்சிமுகம்மது. முக்காட்டை வாயோரம் பிடித்திருந்த ஸுலைஹா. அவள் இடுப்பளவில் ஒரு தலை. எல்லோரும் அண்ணாந்து, சன்னலை, அவரை, பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பிரேம். கிட்ட வந்திருந்தார்கள்.

கால் தூக்கவில்லை. கை வீசவில்லை. ஒரு மனிதன் ஓர் எட்டு வைக்க எத்தனை படம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதைச் செய்துதான் அவர் தலை நரைத்தது. இவர்கள் எந்தப் படத்திலும் நடக்கவில்லை. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில், காண முடியாத அந்த இடத்தில் மட்டும் நடந்தார்கள்.

இன்னொன்று. வீட்டுச் சுவர்வரை.

இன்னொன்று. தலைகள் மட்டும்.

இன்னொன்று. தெரு வெறுமை.

கீழே ஏதோ அசைந்தது. படத்தில் இல்லை. வீட்டில்.

முதலில் மணம்தான் வந்தது. சேறும், ஊறிய துணியும். பிறகு படியில் ஈரம் இழுபடும் சத்தம். ஒரு படி. நிறுத்தம். ஒரு படி.

"ஆரு?"

சத்தம் நின்றது. அறைக்குள் குளிர் கூடியது.

கரண்ட் போனது.

மொனிட்டரின் கண்ணாடி கறுத்து, அதில் அவர் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் சன்னலின் சாம்பல் வெளிச்சம். வெளிச்சத்துக்கும் அவருக்கும் நடுவில் தலைகள். தோளோடு தோள். சுவரிலிருந்து சுவர்வரை. தரையில் சொட்டும் சத்தம்.

அவர் திரும்பவில்லை. உதடு ஓதுவதற்குக் கலிமாவைத் தேடியது. கிடைக்கவில்லை.

"ஸுலைஹா," என்றார்.

கண்ணாடிக்குள் ஒரு தலை மெதுவாகத் திரும்பியது. மூக்கின் கோடு தெரிந்து மறைந்தது. பிறகு அடுத்தது. பிறகு எல்லாம். அவருக்கு முதுகு காட்டி, சன்னலைப் பார்த்து, கடலைப் பார்த்து நின்றார்கள்.

அந்தத் தலைகளுக்கு மேலே, சன்னலில் தெரிந்த வானத்தின் அடியிலிருந்து, கடலின் அகலம் முழுக்க ஒரு கறுப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.