நெல் பார்க்கப் போன கொறற்றி

கொறற்றி வரைந்த படத்தைப் பார்த்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

நாம் சாப்பிடும் சோறு எங்கிருந்து வருகிறது என்று வரையச் சொல்லியிருந்தார் ஆசிரியர் ராஜநாயகம் சேர். கொறற்றி மலைச்சரிவு முழுக்க இடுப்பளவு செடிகளை வரைந்தாள். செடி நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாக அரிசி. முதுகில் கூடையோடு பெண்கள் நிரை பிடித்து அரிசியைக் கிள்ளினார்கள். மேலே கறுப்புக் குடையோடு கங்காணி நின்றார்.

பாவம், அவள் என்ன செய்வாள்? இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். சிரித்தவர்கள் மட்டும் நெல்லைப் பார்த்திருந்தார்களா என்ன? எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்த செல்லச்சாமி, ஓர் அரிசி மூட்டையை வரைந்துவிட்டுச் சும்மா இருந்தான்.

“நெல் ஒரு புல் வகை” என்றார் சேர்.

கொறற்றிக்கு வெட்கம் சீக்கிரமே போய்விட்டது. அந்தச் சொல்தான் போகவில்லை. புல்லா? புல்லை மாடல்லவா தின்னும்? அது அரிசிக்குப் பஞ்சமான வருடம். லயத்தில் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்குதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் சோறு. அவ்வளவு அருமையான சோறு புல்லில் காய்க்கிறதென்றால், அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

லூசியா அத்தை சனிக்கிழமைகளில் நாவுலைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்து லயங்களில் விற்பாள். அங்கே வயல் இருக்கிறதாம். ஆனால் கொறற்றி இரத்தோட்டைக் கடைத்தெருவைத் தாண்டியதே இல்லை. பஸ்ஸில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். புது ஆட்களைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள்.

“பஸ்ஸுல ஏறுனா வாந்தி எடுப்பியே புள்ள” என்றாள் அம்மா.

“எடுத்தா எடுத்துட்டுப் போறேம்மா. நான் நெல்லைப் பாக்கணும்.”

போகும்போது இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் வாந்தி எடுத்தாள். எடுத்த கையோடு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

நாவுலையில் அத்தை கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சளாக வயல் விரிந்து கிடந்தது. வேறொரு நாளாயிருந்தால் கொறற்றி அத்தையின் சேலையை விட்டிருக்கமாட்டாள். அன்று விட்டாள். வரப்பில் தனியாக நடந்து, நெல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணின் முன்னால் போய் நின்றாள்.

அவள் பெயர் சந்திரகாந்தா. தமிழ் தெரியாத சிங்களப் பெண். கொறற்றி கதிரைக் காட்டினாள், பிறகு தன் கண்ணைக் காட்டினாள். சந்திரகாந்தாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கதிரை உள்ளங்கையில் உதிர்த்து, நெல்லை நகத்தால் உரித்து ஊதினாள். உமி பறந்தது. கையில் அரிசி கிடந்தது. கொறற்றி அதில் ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

திரும்பும்போது அவள் கையில் ஒரு பிடி கதிர் இருந்தது. சந்திரகாந்தா கொடுத்தது.

அந்த வருடம் யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று பஸ்களைப் பொலிஸார் சோதிப்பார்கள். வழியில் ஏறிய பொலிஸ்காரர் கத்தரிக்காய்க் கூடையைக் கிளறினார். பிறகு கொறற்றியின் கதிரைப் பிடுங்கிக்கொண்டு, இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினார். அத்தைக்கு முகம் வெளிறிவிட்டது.

கதிர் போய்விட்டால் வகுப்பில் யார் நம்புவார்கள்? கொறற்றி எழுந்து நின்றாள். பயத்தில், தெரிந்த ஒன்றிரண்டு சிங்களச் சொல்லும் மறந்துபோயிருந்தது. அதனால் நடித்துக் காட்டினாள். அத்தையின் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவதுபோல் கிள்ளினாள். கிள்ளியதை வாயில் போட்டுச் சோறாக மென்றாள். பிறகு இல்லையென்று தலையாட்டிவிட்டு, கதிரைக் காட்டிக் குனிந்து அறுத்தாள். கடைசியில் ஒரு சொல் ஞாபகம் வந்தது.

“இஸ்கோலே” என்றாள். பள்ளிக்கூடம் என்று அர்த்தம்.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. இந்தத் தடவை கொறற்றியும் சேர்ந்து சிரித்தாள். கதிர் அவள் கைக்குத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் ஆளுக்கொரு நெல் கிடைத்தது. எல்லோரும் உரித்துப் பார்த்தார்கள். செல்லச்சாமி சிரிக்கவில்லை.

“இதுக்கு வேர் எப்படி இருக்கும்?” என்று கேட்டான்.

அதைக் கொறற்றி பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பார்த்து வந்து சொல்வதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை அத்தையோடு பஸ்ஸுக்கு வந்தபோது, தலையைப் படிய வாரிக்கொண்டு அங்கே நின்றான் செல்லச்சாமி.

“நான்தான் பாத்துட்டு வந்து சொல்றேன்னேனே” என்றாள் கொறற்றி.

“எனக்குக் கண்ணு இல்லையா?” என்று கேட்டபடி அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினான் அவன்.