ரோரியின் முதல் ஆட்டமும் அப்பாவின் ஹார்னும்

"பாஆஆஆம்ம்ம்!"

மைதானமே திடுக்கிட்டது. வேலிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த கடற்காக்கைகள் ஒட்டுமொத்தமாக எழும்பிப் பறந்தன. வானத்திலிருந்து இறங்கி வந்த பந்து ரோரியின் இரண்டு கைகளுக்கும் நடுவே வந்தது, ஒரு கணம் நின்றது, நழுவிப் புல்லில் விழுந்தது. எதிரணிக்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

"அப்பா!" என்று கத்தினாள் டெல்லா.

பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, சூடுபட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எங்கம்மா அடிச்சேன்? கை தானா போயிடுச்சு."

பக்கத்துக் காரிலிருந்து கிழவர் குரோ தலையை வெளியே நீட்டினார். "ஏம்ப்பா மிக், உன் பையன் பந்துகிட்ட போறது எங்க கண்ணுக்கும் தெரியுதுப்பா! ஊதிச் சொல்லணுமா?"

குர்ராபி ஊரில் எல்லாரும் காரின் மூக்கை மைதான வேலியை ஒட்டி நிறுத்திவிட்டு, கையால் பிடித்துக் காலால் உதைக்கிற தங்கள் ஊர்க் கால்பந்தாட்டத்தை உள்ளே உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள். சொந்த அணி கோல் போட்டால் அத்தனை காரும் ஹார்ன் அடிக்கும். கோல் போட்டால் மட்டும்தான். மகன் பந்தை நோக்கி ஓடுவதற்கெல்லாம் ஹார்ன் அடிக்கிற ஆளை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் இன்று ரோரிக்கு முதல் சீனியர் ஆட்டம். வயது பதினேழு. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும், கிளப் வழக்கப்படி அப்பாதான் எல்லார் முன்னாலும் அவனுக்கு முப்பத்துநாலாம் எண் ஜெர்சியைக் கொடுத்தார். "ரெண்டு வார்த்தை பேசுங்க மிக்," என்றார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். ஜெர்சியை ரோரியின் நெஞ்சில் திணித்துவிட்டு, போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் பேச்சு.

டெல்லாவுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். முழங்கால் அடிபட்டு வீட்டில் கிடக்கிற டாசன் அடுத்த வாரம் திரும்பி வருகிறான். அணியில் யாராவது ஒருவர் அவனுக்கு இடம் விட வேண்டும். இன்று ரோரி சரியாக ஆடாவிட்டால், மறுபடி சின்னப் பையன்கள் அணிக்குத்தான் போக வேண்டும். காலையில் ரோரி ஓட்ஸ் கஞ்சியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக்கொண்டான். அது தெரியாமலே முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டு முடித்தான்.

"அப்பா, இனிமே அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"அடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

நாலு நிமிடம் கழித்து மறுபடி, "பாஆஆஆம்ம்ம்!"

மறுபடி பந்து தரையில்.

நான்கு பகுதி ஆட்டத்தில் முதல் பகுதி முடிவதற்குள் ரோரி இரண்டு பந்துகளைக் கோட்டைவிட்டிருந்தான். பத்து வயது டெல்லா அதை யோசித்தாள். வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தினமும் அவள்தான் அவனுக்குப் பந்து உதைப்பாள். மழையில், சேற்றில், எதிர்வெயிலில், எப்படி உதைத்தாலும் ரோரி பிடித்துவிடுவான். அவன் கையில் விழுந்த பந்து பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். இங்கே மட்டும் என்ன ஆயிற்று?

முதலில் அப்பாவின் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். டெல்லா கேன்டீனுக்கு ஓடினாள். அங்கே அம்மா சூடான கல்லில் சாசேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சாசேஜ் ரொட்டி ஒண்ணு, டீ ஒண்ணு. டீ நல்லா தளும்பத் தளும்ப வேணும்."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு. ஒரு கைக்கு ஒண்ணு."

அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேன்டீன் வரைக்கும்தான் ஹார்ன் கேட்கிறதே! கோப்பையை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார்.

அப்பாவின் ஒரு கையில் ரொட்டி, மறு கையில் டீ. டெல்லா நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்து உயரப் போனது. ரோரி ஓடினான். அப்பா இருக்கையிலிருந்து எழும்பினார்.

"பாஆஆஆம்ம்ம்!"

"எதால அடிச்சீங்க?"

"முழங்கை," என்றார் அப்பா பரிதாபமாக. டீ முழுக்க அவர் மடியில் இருந்தது.

பந்து புல்லில் இருந்தது.

இடைவேளை வந்தது, போனது. மூன்றாவது பகுதி தொடங்கியபோது, டெல்லாவுக்குப் பசித்தது. தனக்கென ஒரு சாசேஜ் ரொட்டி வாங்கிக்கொண்டு, பிக்கப்பை விட்டுத் தள்ளி, கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியில் சாய்ந்து நின்றாள். ஒரு கடி கடித்தாள். தக்காளி சாஸ் நன்றாக இருந்தது. அடுத்த கடிக்கு வாயைத் திறந்தாள்.

"பாஆஆஆம்ம்ம்!"

அடுத்து என்ன நடந்தது என்பது டெல்லாவுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ரொட்டி தரையில் கிடந்தது. அவள் கால்கள் தாமாகத் திரும்பி, நாலு எட்டு ஓடி, கழிப்பறைச் சுவரில் மோதாத குறையாக நின்றிருந்தன. கீழே கிடந்த சாசேஜை ஒரு கடற்காக்கை தூக்கிக்கொண்டு போனது.

"நான் எதுக்கு ஓடினேன்?" என்று சத்தமாகவே கேட்டாள்.

மறுகணம் பொறி தட்டியது.

வீட்டில் நூற்று எண்பது மாடுகள். மேய்ச்சல் நிலமோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் எட்டாத அளவு பெரியது. அதனால் அப்பா பிக்கப் ஹார்னால்தான் பேசுவார். ஒரு நீள ஹார்ன் அடித்தால், மாடு வேலி தாண்டிவிட்டது என்று அர்த்தம். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். இரண்டு குட்டை ஹார்ன் என்றால், மாடெல்லாம் உள்ளே வந்தாயிற்று, பதறாமல் உன் வேலையைப் பார் என்று அர்த்தம். டெல்லாவும் ரோரியும் நடக்கக் கற்ற நாளிலிருந்தே இதற்குப் பழகியவர்கள்.

நீள ஹார்ன் கேட்டதும் ரோரியும் கையில் இருப்பதைப் போட்டுவிடுகிறான். அவ்வளவுதான் விஷயம்!

டெல்லா மூச்சிரைக்கப் பிக்கப்புக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்ட அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"அடக் கடவுளே. நானே பழக்கிவெச்சு, நானே கெடுத்துட்டிருக்கேனா?"

"வேணும்னா செஞ்சீங்க?"

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். "நான் கேட்டுக்கு வெளியே போய் நிக்கறேன். ஆட்டம் முடிஞ்சதும் கூப்பிடு."

டீக் கறை பட்ட கால்சட்டையோடு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நடப்பதைப் பார்க்க டெல்லாவுக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஒரு ஆட்டத்தைப் பார்க்கத்தானே, சாயங்காலப் பால் கறக்கிற வேலையைக்கூடப் பக்கத்துப் பண்ணை ஓவனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்!

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"போக வேண்டாம்ப்பா. ஹார்ன் அடிங்க. ஆனா ரெண்டு குட்டை மட்டும் அடிங்க."

அப்பா அவளைக் குனிந்து பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "இது எனக்குத் தோணலையே!"

அப்போது சங்கு ஊதியது. மூன்றாம் பகுதி முடிந்தது. கோலுக்கு ஆறு புள்ளி, கொஞ்சம் விலகிப் போன உதைக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் குர்ராபி இருபது புள்ளி பின்தங்கியிருந்தது. எப்போதும்போல் ஊர்க்காரர்கள் வேலிக்குள் இறங்கி, கோச் பேசுவதைக் கேட்க மைதானத்தின் நடுவே போனார்கள். குழந்தைகள் ஆளுக்கொரு பந்தை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். டெல்லாவும் அப்பாவும் கூட்டத்தில் புகுந்து முன்னால் போனார்கள்.

கோச் வெர்ன் பூட்டு சாவி விற்கிற கடைக்காரர். ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொல்ல மாட்டார். எல்லாரிடமும் பேசி முடித்துவிட்டு, "ரோரி, நீ வெளியே உட்காரு தம்பி. இன்னிக்கு இவ்ளோ போதும்," என்றார்.

ரோரி தலையாட்டினான். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

"கோச்!" டெல்லாவின் குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. "கோளாறு அவன் கையில இல்ல, கோச். எங்க வண்டி ஹார்ன்ல. நீளமா அடிச்சா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடணும். அது எங்க பண்ணைப் பழக்கம். எனக்கே இப்ப ஒரு சாசேஜ் போச்சு."

கூட்டமே சிரித்தது. முப்பத்தாறு வயது ஸ்டியூ, அணியின் முன்வரிசை ஆட்டக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் மாடு வளர்க்கறவன்தான் கோச்," என்றார் அவர். "என் நாய்கூட இப்படித்தான். பையனுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் குடுங்க."

கோச் ரோரியைப் பார்த்தார், டெல்லாவைப் பார்த்தார், கடைசியாக அப்பாவின் கால்சட்டையைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம். ஒரு பந்து விழுந்தாலும் வெளியே."

கடைசிப் பகுதி தொடங்கியது. பிக்கப்புக்குள் டெல்லாவும் அப்பாவும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. பந்து ரோரி பக்கமே வரவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் வந்தது. யாரோ உதைத்த பந்து கோணல்மாணலாகச் சுழன்றுகொண்டே வானத்தில் ஏறியது. அதன் கீழே ரோரி. அவனுக்குப் பின்னால் தடதடவென்று ஓடிவரும் பெரிய ஆள் ஒருவன். ரோரியின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஹார்னுக்காக அவன் காத்திருக்கிறான் என்பது டெல்லாவுக்குப் புரிந்தது.

"இப்பப்பா!"

"பாம்! பாம்!"

ரோரியின் தோள்கள் இறங்கின. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது. அவன் எழும்பினான். பின்னால் வந்தவன் முதுகில் மோதினான். இருவரும் விழுந்தார்கள்.

ரோரி எழுந்தபோது பந்து அவன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சுத்தமாகப் பிடித்த பந்தை நிதானமாக உதைக்கலாம். யாரும் தடுக்கக் கூடாது. ரோரி இரண்டு அடி பின்னால் வைத்தான், ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், ஸ்டியூ ஓடுகிற பாதைக்குச் சரியாக உதைத்தான். ஸ்டியூ கோல் போட்டார். அறுபது கார்களும் ஒன்றாக ஊதின. அந்த இரைச்சலிலும் அப்பா இரண்டு குட்டை ஹார்ன் மட்டுமே அடித்தார்.

"இப்ப நீளமா அடிக்கலாம்ப்பா, கோல்தானே!"

"எதுக்கு வம்பு," என்றார் அப்பா.

ஐந்து நிமிடம் தாண்டியது. கோச் ரோரியைக் கூப்பிடவில்லை. பத்து நிமிடம் தாண்டியது. அப்போதும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ரோரி நாலு பந்து பிடித்தான். ஒன்றை விட்டான், அது வெயில் கண்ணில் அடித்ததால். கோச்சும் அதைப் பார்த்தார், தொடர்ந்து ஆட விட்டார்.

குர்ராபி மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. தோற்ற நாளில் கிளப் பாட்டு கிடையாது. அதனால் புது ஆட்டக்காரனை நடுவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிற வேடிக்கையும் இல்லை. ஆனால் உடை மாற்றும் அறை வாசலில் கோச் ரோரியை நிறுத்தினார்.

"அந்த முப்பத்துநாலைத் துவைச்சு வை. அடுத்த சனிக்கிழமையும் வேணும்."

"அப்ப டாசன்?"

"அது என் தலைவலி." கோச் டெல்லா பக்கம் திரும்பினார். "நீயும் வரணும். அப்பாவையும் கூட்டிட்டு வா. குட்டை ஹார்னோட."

வீட்டுக்குப் போகும் வழியில், அம்மா கேன்டீனைக் கழுவிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னதால், மூன்று பேரும் பிக்கப்பின் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டி முழுக்கச் சேறும் டீயும் மணத்தன. ரோரியின் மடியில் அழுக்கு ஜெர்சி.

"அப்பா," என்றான் ரோரி. "ஊர்ல யாருமே அப்படி அடிக்கறதில்ல. நீங்க மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் ஹார்ன் அடிச்சீங்க?"

அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு பயமா இருந்துச்சுடா."