நண்டுப் பையும் நேர்முகத் தேர்வும்

விடிந்ததும் விடியாததுமாக, குருநகரில் அந்த வீட்டு வாசலில் நண்டுக்காகச் சண்டை மூண்டது!

இளையவன் கொலின்ஸுக்கு அன்று நேர்முகத் தேர்வு. கைபேசியால் பணம் அனுப்பும் செயலிகளை எழுதும் கம்பனி. அவனுடைய அண்ணி றஜனி அங்கேதான் மென்பொருள் பொறியியலாளர். ஆட்களைத் தேர்வு செய்பவர்களிலும் ஒருத்தி. "வீட்டுக்குள்ளையே ஆள் கிடக்கு, பிறகென்ன?" என்று தாய் லூர்த்தம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அது போதாதென்று, மூத்தவன் பிலிப்பு கடலிலிருந்து கொண்டுவந்த நண்டில் கொழுத்ததாகப் பார்த்துப் பையில் கட்டி, அங்குள்ள பெரியவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி மகன் கையில் திணித்தாள்.

றஜனி அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

"ஏனடி பறிக்கிறாய்?"

"உதோடை போனால் வாசலிலையே திருப்பி அனுப்பிப் போடுவினம், மாமி."

"அப்ப நீ கதை! நீதானே கேள்வி கேக்கிறனீ?"

"நான் இண்டைக்கு அந்தப் பக்கமே போகேல்லை. வீட்டிலையிருந்துதான் வேலை. அவன் தன்ரை கெட்டித்தனத்திலை எடுப்பான்."

லூர்த்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டியே கொலின்ஸ்! கைக்கெட்டினதை வாய்க்கெட்டாமல் செய்யிறாள்... கூடப்பிறந்த தம்பியெண்டால் இப்பிடி விடுவியோடி?"

அந்தச் சொல் றஜனிக்கு நெஞ்சில் தைத்தது. பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கொலின்ஸின் பக்கம் திரும்பினாள்.

"தெரியாததைத் தெரியாதெண்டே சொல்லு, தம்பி. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்" என்று அவனை அனுப்பிவிட்டு அறைக்குள் போனாள். கணினியில் கூட்டம் தொடங்கியது. உடனே வெளியே உரலும் தொடங்கியது! மருமகள் கூட்டத்தில் இருந்தால்தான் மாமியாருக்குச் சம்பல் நினைவு வரும். றஜனி வழக்கம்போலக் குரலை உயர்த்தித் தன் வேலையைப் பார்த்தாள்.

மத்தியானம் கொலின்ஸ் ஓடி வந்தான்.

"அம்மா, வேலை கிடைச்சிட்டுது!"

"மாதாவே! பார்த்தியே, உவள் மறிச்சும்..."

"அண்ணியோ மறிச்சவ?" அவன் குரல் உடைந்தது. "புதுக் குழுவுக்கு அண்ணியைத்தான் தலைவியாப் போட இருந்தவையாம். தலைவியின்ரை சொந்தக்காரரை அந்தக் குழுவிலை எடுக்கேலாதாம். 'எனக்குப் பதவி வேண்டாம், அவன் வந்து எழும்பட்டும்' எண்டு விட்டுக்குடுத்திட்டாவாம்! இப்ப தலைவராயிருக்கிற றெஜி அண்ணைதான் சொன்னவர்."

லூர்த்தம்மாவின் கையில் உலக்கை நின்றது. சத்தம் கேட்டு அறை வாசலுக்கு வந்திருந்த றஜனியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் பிள்ளை... ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் இவன் என்னை யோசிச்சே கோட்டை விட்டிருப்பான், மாமி." கண் கலங்கியிருந்தாலும் றஜனியின் குரல் கலங்கவில்லை. "பதவி திரும்ப வரும். எனக்கு ஏலுமெண்டு கம்பனியிலை அவைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"என்ரை ஆத்தை... இந்த வாயாலை என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்!" சம்பலுக்குத் துருவிய தேங்காய்ப்பூ ஒட்டிய கைகளாலேயே லூர்த்தம்மா அவளை இறுக அணைத்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் றஜனியும் அழுதாள்.

பின்னேரம் மறுபடியும் கூட்டம். றஜனி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள், சத்தத்தையே காணவில்லை. எட்டிப் பார்த்தாள். உரல் வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவுக்குப் போயிருந்தது. நண்டுக்கறி அடுப்பில் கொதித்தது. வலையை இழுத்துக்கொண்டு சத்தம் போட்டபடி வந்த பிலிப்புவை வாசலிலேயே மறித்து நின்றாள் லூர்த்தம்மா.

"வாயைப் பொத்தடா! உள்ளை என்ரை மகள் வேலை செய்யிறாள்."