செவ்வந்திக் குளத்துப் புரிமானி

“சத்தியமாச் சொல்லுதேன் மேடம். ரெண்டாயிரம் பேர் பாக்க, எங்க அமைச்சர் மைக்கைப் பிடிச்சு ‘எனக்குத் தெரியாது’ன்னு சொன்னாரு!”

பந்தல்காரர் சுடலைமுத்து இதைச் சொன்னபோது ஆய்வாளர் பூங்கோதைக்குச் சிரிப்புகூட வரவில்லை. குளத்து மீன் மேடையேறிப் பாடியது என்றிருந்தால் ஒருவேளை விசாரித்துப் பார்த்திருப்பாள். பதினோரு வருடத்தில் ஐந்நூறு புரிமானிகளைத் திறந்து பார்த்தவள் அவள். நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் திருட்டுத்தனம் இருந்தது. மிச்சம் ஒன்றில் எலி இருந்தது.

புரிமானி, மைக்கின் கைப்பிடிக்குள் உட்கார்ந்திருக்கும் சுண்டைக்காய் அளவுக் கருவி. பேசுகிறவரின் மூளை அலையை உள்ளங்கை வழியே படிக்கும். தான் சொல்வது அவருக்கே புரிந்திருந்தால் சத்தம் வெளியே போகும். வெறும் வாய்ச்சொல் என்றால் மைக் செத்துவிடும். அறிவியல் தெரியாமல் அணையைப் பற்றியும் அணுவுலையைப் பற்றியும் யாரும் முழங்கக் கூடாது என்று சட்டம் வந்த முதல் மாதம் மாநிலமே ஊமையாகிப் போனது. தொண்டர்கள் தலைவரின் உதட்டசைவைப் பார்த்துக் கைதட்டினார்கள். அப்புறம் கட்சிகள் எல்லாம் சேர்ந்து கெஞ்சிக் கூத்தாடி ஒரு விலக்கு வாங்கின: ‘அவர்களே, அவர்களே’ என்று விளிக்கும் வரைக்கும் கருவி கண்ணை மூடிக்கொள்ளும். அன்றிலிருந்து விளிப்பு மூன்று மணி நேரம், உரை அரை நிமிடம்.

செவ்வந்திக் குளத்தின் கரை தாங்குமா என்று ஊருக்குச் சொல்ல, நீர்வளத் துறை அமைச்சர் வேலப்பநாதன் முந்தின நாள் வந்திருந்தார்.

“நூத்திப் பத்தொம்பது பேரை விளிச்சாரு. பொறவு ‘கரை கல்லு மாதிரி’ன்னாரு. மைக்கு செத்துப் போச்சு. எட்டுத் தடவை மேடம்! வேர்வையில பொன்னாடையெல்லாம் நனைஞ்சு மேடையில இருந்து ஓடையா ஓடுச்சு. கடைசியிலதான் ‘எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க மேல வாங்க’ன்னாரு. கணீர்னு கேட்டுச்சு. நம்ம மாடத்தி ஏறிட்டா.”

மாடத்தி கரையடியில் வாத்து மேய்ப்பவள். கரை தாங்காது என்ற அவள் பேச்சைக் கேட்டுக் கீழ்த்தெரு முழுவதும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்துவிட்டது. கரையோ உடைகிற வழியாக இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் மைக்கில் தில்லுமுல்லு என்று புகார் கொடுத்ததால்தான் பூங்கோதை வந்திருக்கிறாள். ‘ஆமாம், தில்லுமுல்லு’ என்று அவள் அறிவித்துவிட்டால் போதும், அத்தனை பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரையடி வீடுகளுக்கு இறங்கிவிடுவார்கள்.

மாடத்தியைக் கூப்பிட்டாள். “உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

“வாத்துதாம்மா.”

“விளையாடுறியா?”

“வெள்ளை வாத்தும்மா. கரைக்கு வெளிய கசிவுத் தண்ணியில நீந்தும். எப்பவும் கண்ணாடி மாதிரித் தண்ணி. நாலு நாளா வாத்து வயிறு செவசெவன்னு வருது. தண்ணி மட்டும் கசிஞ்சா பயமில்ல. செம்மண்ணும் சேந்து வந்தா, கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னுதான அர்த்தம்?”

பதில் சரளமாக வந்தது. அதனாலேயே பூங்கோதைக்குச் சந்தேகம் கூடியது. யாரும் ஒளிந்திருந்து சொல்லிக் கொடுக்கும் கருவி இருக்குமோ என்று மாடத்தியின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். சாயமோ என்று கைக்குட்டையை நனைத்து ஒரு வாத்தின் வயிற்றைத் தேய்த்தாள். மண்தான் வந்தது, வாத்து கொத்தியது. புரிமானியைத் திறந்தாள். முத்திரை உடையவில்லை, கம்பிகள் அதனதன் இடத்தில் இருந்தன, எலிகூட இல்லை. இவ்வளவு ஒழுங்காக இருப்பதே சரியில்லை என்று முடிவு செய்தாள்.

ஆய்வு முடிவை அதே மைக்கில் அறிவிக்க வேண்டும் என்பது அந்த மாதம்தான் வந்த புது விதி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த அமைச்சரின் மேடையில் ஏறினாள். தலையில் மூட்டையோடு ஜனம் பள்ளிக்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது.

“இந்தக் கருவியில் தில்லுமுல்லு…”

மைக் செத்தது.

“அமைச்சர் நடித்திருக்கிறார்…”

செத்தது.

“கரைக்கு எந்த ஆபத்தும்…”

மூச்சில்லை.

“மேடம், ‘அவர்களே’ன்னு ஆரம்பிங்க, அதுக்கு விடும்!” என்று கீழேயிருந்து சுடலைமுத்து யோசனை சொன்னார்.

பூங்கோதை மைக்கின் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்நூறு கருவிகளைத் திறந்திருக்கிறாள். ஒன்றையாவது பிடித்துப் பேசியதில்லை. அதற்கு அவசியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. வாசலில் ஒரு கிழவர் “என்னதான் சொல்லுதா அந்தப் பொம்பளை? போவமா, இருப்பமா?” என்று கத்தினார். முதல் ஆள் ஒரு காலை வெளியே வைத்தாயிற்று.

“கருவியில் நான் ஒரு தப்பையும் பார்க்கவில்லை,” என்றாள். “கரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாடத்திக்குத் தெரியும்.”

பக்கத்துத் தாலுகா காக்கையெல்லாம் பறக்கிற மாதிரி மைக் அதிர்ந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின.

பிற்பகல் மூன்றரைக்குக் கரை வாய் பிளந்தது. கீழ்த்தெருவில் தண்ணீர் தென்னங்குலையைத் தொட்டது. ஓர் உயிரும் போகவில்லை. வாத்துகள் மட்டும் கூரை மேல் நீந்தி, வெள்ளை வெளேரென்று வந்து சேர்ந்தன.

பூங்கோதை அறிக்கைப் படிவத்தை விரித்தாள். ‘அமைச்சர் அவ்வாறு கூறினாரா?’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“எழுதுங்க மேடம், நான் சாட்சி,” என்றார் சுடலைமுத்து.

“நீங்க சாட்சின்னு சொல்றதாலதான்யா யோசிக்கிறேன்.”

இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, ‘கூறினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.