டார்சியின் வாளியைத் திறந்த கை

மெர்லே பாஸ்கோ ஒரு மடக்கு பீரை நாக்கில் உருட்டினால் போதும். அது ஊறிய வாளியின் மூடியை யார் திறந்தது, எந்தக் கிழமை, காலையா மாலையா என்பது வரை சொல்லிவிடுவார். நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை உலர்த்தும் சூளையில் நாற்பது வருடம் முகர்ந்து முகர்ந்து தரம் பிரித்த மூக்கு அது. டெர்வென்ட் பள்ளத்தாக்கு முழுவதும் அந்த மூக்குக்கு மரியாதை உண்டு. சந்தேகித்தவர் ஒரே ஒருவர்தான்: நெவ் ஹார்விச்.

ஏப்ரல் மாதம், பூ அறுவடை முடிந்து ஊரே கசப்பு மணத்தில் மிதந்த ஒரு வெள்ளிக்கிழமை. மெர்லேயின் கணவர் கிளெம் சிப்பிக்கறி அடைத்த ‘பை’ பலகாரத்தில் முதல் கடி கடிக்கும் நேரத்தில் டார்சி லவெல் வாசலைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு குவளை பீரை இழவு வீட்டு விளக்கைப் போல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"குடிச்சுப் பாரு மெர்லே. என் ஐ.பி.ஏ. கசப்பு பீர். நாளைக்குப் போட்டி. கொன்னுட்டாங்க!"

மெர்லே முகர்ந்தார், ஒரு மடக்கு உருட்டினார், துப்பினார்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை. உள்ள காத்து அடிச்சிருக்கு. அடிச்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

"அந்த வாத்தியாரம்மா பிரையனி வேலைதான்," என்றார் டார்சி. "சோதனைப் பாட்டிலை முதல்ல அவளுக்குத்தான் திறந்து குடுத்தேன். எத்தனை கிராம் ஹாப்ஸ், என்னைக்குப் போடறேன், எல்லாத்தையும் சொன்னேன். பாம்புக்குப் பால் வார்த்திருக்கேன்! போன சனிக்கிழமை அவ என் கொட்டகைப் பக்கம் நடமாடினதை நெவ் கண்ணால பாத்திருக்கான். இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டம். அவளைச் சங்கத்தை விட்டுத் தூக்கப் போறோம்."

வீட்டிலேயே பீர் காய்ச்சும் எங்கள் சங்கத்தில் பதினாறு பேர். எங்கள் பொறாமையைப் பாட்டிலில் அடைத்தால் தாஸ்மேனியா முழுமைக்கும் ஒரு கோடைக்குக் காணும். அடுத்தவர் குவளையில் நுரை ஒரு விரல் உயர்ந்தால் எங்களுக்கு ரத்த அழுத்தம் இரண்டு விரல் உயரும். அப்படிப்பட்ட இடத்துக்கு மெல்போர்னிலிருந்து வந்த பிரையனி, சேர்ந்த வருடமே போட்டியின் முதல் பரிசான செம்பு அகப்பையைத் தட்டிக்கொண்டு போனாள். ஆறு வருடமாக அது நெவ் வீட்டுக் கணப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அன்று முதல் அவளுக்கு யாரும் சரியாக முகம் கொடுத்ததில்லை. டார்சி ஒருவர்தான் பேசினார். இப்போது அவரும் போயாயிற்று.

"கொட்டகையைப் பாக்கணும்," என்றார் மெர்லே.

பையை மென்றபடியே கிளெம் முன்னால் ஓடினார். துப்பறிவதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம். ஐந்து நிமிடத்துக்கு ஒருவரைக் கைது செய்யாவிட்டால் தூக்கம் வராது.

கொட்டகையில் வெள்ளை நொதி வாளி கழுவப்படாமல் அப்படியே இருந்தது.

"கழுவ மனசு வரல," என்றார் டார்சி. "போன வாரம் திங்கட்கிழமை ஹாப்ஸ் போட்டு மூடினேன். இந்தத் திங்கட்கிழமை வாளி அடியில இருக்கற குழாய் வழியா பீப்பாய்க்கு இறக்கினேன். நடுவுல மூடியைத் தொடவே இல்ல. இறக்கும்போதே நிறம் மங்கல். கேஸ் ஏறினா தெளியும்னு நெனச்சேன்."

"கிளெம், மூடி மேல கை வைக்காத."

"கைரேகையா?"

"உன் கையெல்லாம் பை எண்ணெய்."

மெர்லே மூடியைத் திறந்தார். பீர் நின்ற மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரம் வரை பச்சைத் தூள் தெறித்து ஒட்டியிருந்தது. காற்று கலந்து கெடட்டும் என்று யாரோ உள்ளே துடுப்பு போட்டுச் சுழற்றியிருக்கிறார்கள். மூடியின் வெள்ளை ரப்பர் வளையத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் கறை.

"இந்தக் குட்டி வாளி ஏன் குழாயடியில கிடக்கு?" என்று கிளெம் கத்தினார்.

"அது ஆணியில தொங்கணுமே!" என்றார் டார்சி. "மூடி திறக்குறதுக்கு முன்னாடி கை கழுவ மட்டும்தான் அதை எடுப்பேன்."

குட்டி வாளியின் அடியில் டார்சியின் நுரைக்கும் கிருமிநீக்கி, தண்ணீர் கலக்காமல், பிசினாகக் காய்ந்திருந்தது. மெர்லே அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"கிளெம், உன் மூஞ்சியில சோப்பு நுரையோட தெருவுல நின்னு சத்தம் போட்டியே, அது என்னைக்கு?"

"போன வாரம் வியாழன். காலைல எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் தண்ணியை நிறுத்திட்டானுங்க. பாதி தாடியோட நின்னேன். இப்ப எதுக்கு அது?"

"வியாழன் காலைல நான் கண் ஆஸ்பத்திரியில இருந்தேன்," என்றார் டார்சி.

நாலு மணிக்குச் சங்கக் கூடம் நிரம்பியிருந்தது. பிரையனி கதவோரம் நின்றாள், அகப்பையை ஒரு துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"ஓட்டெல்லாம் வேண்டாம். இதை வெச்சுட்டுப் போயிடறேன். ஆனா நான் தொடலைன்னு மட்டும் எழுதிக்கங்க," என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போறவ எதுக்கும்மா அழற?" என்றார் முன்வரிசையிலிருந்த நெவ். முப்பது வருடம் மாடு கறந்தவர். மாடுகளை விற்ற பிறகும் மடி துடைக்கும் அயோடினை விடவில்லை. பீர் வேலைக்கும் அதுதான். தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் அடைத்து, துப்பாக்கி மாதிரி இடுப்பில் செருகித்தான் எங்கும் வருவார். அன்றும் செருகியிருந்தார். டார்சிக்கு அடுத்த வேலி அவர் வீடு.

மெர்லே எழுந்தார்.

"டார்சியோட பீரைக் கெடுக்க வந்தவங்க, கெடுக்குறதுக்கு முன்னாடி கையைச் சுத்தம் பண்ணியிருக்காங்க."

கூடம் சிரித்தது.

"சிரிங்க. உங்கள்ல யார் கழுவாத கையோட ஒரு மூடியைத் திறப்பீங்க? எரியற வீட்டுல மாட்டிக்கிட்டாக்கூட முதல்ல கிருமிநீக்கியைத் தேடற கூட்டம் இது. ஊறுற பீர்ல அழுக்குக் கை வைக்க நமக்கு உடம்பு ஒப்பாது. அதனால வந்தது பீர் காய்ச்சுற ஆள்."

"அதான் வாத்தியாரம்மா!" என்று கிளெம் கைது செய்தார்.

"உக்காரு கிளெம். அந்த ஆள் தன் அடையாளம் எதுவும் தங்கக்கூடாதுன்னு டார்சியோட மருந்தையே குட்டி வாளியில ஊத்தியிருக்கார். குழாயைத் திறந்தார். தண்ணி வரல. மருந்து அப்படியே காஞ்சு கிடக்கு. நம்ம தெருவுல தண்ணி நின்னது ஒரே நாள். வியாழன், மத்தியானத்துக்கு முன்னாடி. பிரையனி, அப்ப நீ எங்க இருந்த?"

"ஹோபார்ட்ல. முப்பது பிள்ளைங்களை நீச்சல் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். சனிக்கிழமை கொட்டகைக்குப் போனது நிஜம். குடிச்சு மீந்ததோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போன பாட்டிலைத் திருப்பி வெக்கத்தான்."

"தண்ணி இல்லாத காலையில, கலந்து தயாரா வெச்ச மருந்து இருக்கற ஆளுக்குத்தான் அந்த மூடியைத் திறக்க முடியும்," என்றார் மெர்லே. "அந்த மருந்து ரப்பர் வளையத்தை மஞ்சளாக்கியிருக்கு. நுரைக்கிற மருந்து கறை வெக்காது. அயோடின் வெக்கும்."

பதினைந்து தலைகள் ஒரே இடுப்பைப் பார்த்தன.

"அபாரம்," என்றார் நெவ். "உன் மூக்குக்கு நாள்கிழமையெல்லாம் தெரியுமாக்கும்? அயோடின் மருந்துக் கடையிலகூடத்தான் விக்கறான். ஓட்டெடுங்கப்பா, நேரமாகுது."

மெர்லே உட்கார்ந்துவிட்டார். டார்சி மெல்ல எழுந்து நெவ்வின் எதிரே வந்து நின்றார்.

"பங்காளி, இல்லன்னு சொல்லிடு. நீ சொன்னா நான் நம்பறேன். வளையத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, இந்தப் பொண்ணையே வெளிய அனுப்பிடறேன். சொல்லு."

நெவ்வின் கை இடுப்புப் பாட்டிலுக்குப் போனது. பிரையனி துண்டோடு அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதவுப்பிடியைத் தொட்டாள்.

"நில்லும்மா," என்றார் நெவ். "அந்த அகப்பை எனக்கு வேண்டாம். அதுக்காகப் பண்ணல. டார்சி, முப்பத்தோரு வருஷமா உன் முதல் கிளாஸ் யாருக்குடா?"

"உனக்குத்தான்."

"இந்தத் தடவை அவளுக்குக் குடுத்த. அவ 'ஆஹா'ன்னு சொன்னது வேலி தாண்டி எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு நான் என் கொட்டகையில துடைச்ச கிளாஸோட உக்காந்திருந்தேன், நீ கூப்பிடுவேன்னு."

நெவ் இடுப்பிலிருந்து பாட்டிலை உருவி மேசையில் வைத்தார். மெர்லேயின் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"மெர்லே சொன்னபடியேதான் நடந்துச்சு. வியாழக்கிழமை. காலையில. நான்தான்."