ஆச்சுன்னு சொல்லும் வரை

கிட்டார் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கிய பிறகும், ஹெட்போனுக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடும் சத்தமாக இருந்தால் இரைச்சல் என்று தள்ளிவிடலாம். இது விடாமல் இருக்கும் சத்தம். அப்படி ஒன்று உண்டா என்று கேட்டால் அவளால் விளக்க முடியாது. விளக்கப்போய் ஏற்கெனவே ஒருமுறை அசடு வழிந்தாயிற்று.

வீட்டிலேயே சின்ன அறை அது. ஜன்னலை ஒரு பழைய மெத்தையால் அடைத்திருந்தார்கள். மழை நாட்களில் மெத்தையிலிருந்து ஈரப் பஞ்சின் வாடை கிளம்பும். மூலையில், கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் அவளுடைய பழைய டியூப் ஆம்ப் நின்றது. ஆள் முழங்கால் உயரம், இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல்கள் சூடேறினால் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும், தூசி கருகும் மணம் வரும், கிட்டார் அந்த மணத்தோடு சேர்ந்துதான் பேசும். ஆனால் சத்தமாக வைத்தால்தான் அது வாயைத் திறக்கும். அது வாயைத் திறந்தால் கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார்.

அதனால்தான் கணவன் இந்த மாடலிங் பெட்டியை வாங்கி வந்தான். கையடக்கப் பெட்டி. எந்த ஆம்பைக் காட்டினாலும் அதன் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம், ஒரு ஈக்குக்கூடத் தொந்தரவு இல்லை என்றான்.

பாட்டுப் பதிவு செய்யும் என்ஜினியர் ஒரு நாள் திரைக்குப் பின்னால் ஒரு நிஜ ஆம்பையும் இந்தப் பெட்டியையும் மாற்றி மாற்றி வைத்து, எது நிஜம் என்று அவளைச் சொல்லச் சொன்னார். அவள் பெரும்பாலும் தப்பாகச் சொன்னாள். "காது நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. மனசுதான் அந்தப் பழைய ஆம்ப விடமாட்டேங்குது" என்று சிரித்தார். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. நிஜ ஆம்பை ஓங்கி அடித்தால் அது ஒரு நொடி விழுங்கும், முறைக்கும், பிறகுதான் திருப்பித் தரும் என்றாள். இந்தப் பெட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான் என்றாள். அவர் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் குழந்தைக்குத் தலையாட்டுவது போலிருந்தது.

போன வாரம் அவளும் கணவனும் அவளுடைய ஆம்பின் குரலைப் பெட்டிக்குள் பிடித்தார்கள். பெட்டி விதவிதமான ஒலிகளை ஆம்புக்குள் அனுப்பும்: தூறல் போன்ற இரைச்சல், அடிக்குரலிலிருந்து உச்சிவரை ஏறும் ஒரு ஊளை. அவை வெளியே எப்படி வருகின்றன என்று மைக் வழியாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். அறையில் வேறு சத்தம் கூடாது. ஆம்பின் பின்பலகையிலோ ஒரு திருகாணி தொலைந்துபோய், பலகை கடகடத்தது. கணவன் பின்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தான்.

"மூச்சுகூட விடாத. ஆச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காத."

"உத்தரவு, சத்தம்மா."

சத்தம்மா என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். தட்டு கழுவினாலும் தாளம் போடுகிறவன், குளித்தால் சுதி தப்பிப் பாடுகிறவன், அன்று நிஜமாகவே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேலை முடிந்ததாகத் திரை காட்டியதும் அவள் பெட்டி வழியாக, கம்பிகளைச் சேர்த்து மீட்டி ஒரே ஒரு கார்டு வாசித்தாள். அச்சு அசல். தோற்றுப்போக வேண்டும் என்று அவள் அவ்வளவு ஆசைப்பட்ட பெட்டி தோற்கவில்லை. கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆச்சு என்று அவள் சொல்லவே இல்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து அவன் நன்றாகத்தான் இருக்கிறான். நேரத்துக்கு வருகிறான், சாப்பிடுகிறான், கேட்டால் பேசுகிறான். தட்டில் தாளம் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். ஒருநாள் தலை வலிக்கிறது என்றாள். சின்ன இடைவெளி விட்டு, "கொஞ்ச நேரம் படுத்துக்கோ" என்றான். மறுநாள் வேண்டுமென்றே அதையே சொன்னாள். அதே இடைவெளி. அதே இறக்கத்தோடு அதே வார்த்தைகள். வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். அவன் வேலையை, அவன் நண்பர்களை, அவன் மூக்கைக்கூடக் குறை சொன்னாள். பழையவன் ஒரு நொடி விழுங்குவான், முறைப்பான், பிறகு வட்டியோடு திருப்பித் தருவான். இவன் "சரி, பாத்துக்கலாம்" என்றான்.

நாத்தனாருக்குப் போன் செய்தாள். இப்போதுதான் அவனிடம் பேசியதாகவும் குரல் கணீரென்று இருந்ததாகவும் நாத்தனார் சொன்னாள். "புருஷன் சண்ட போடலன்னு ஒரு பொண்டாட்டி புகார் பண்றத இப்பதான் அண்ணி கேக்குறேன். வேணாம்னா எனக்குத் தள்ளிவிடுங்க, எங்க வீட்டுல இருக்கறத மாத்திக்கலாம்."

வித்தியாசமே இல்லை என்கிறார்கள். இதற்கும் திரை கட்டி வைத்தால் அவள் தோற்றுத்தான் போவாள். ஆனால் அவன் அவளை சத்தம்மா என்று கூப்பிட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது.

வெளியே மழை விட்டுச் சாயங்கால வெளிச்சம் மெத்தையின் ஓரத்தில் மெல்லிய கோடாக நின்றது. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கிட்டாரை மடியில் சாய்த்து, பெட்டியின் ஒலியளவை மெல்லத் திருகினாள். தூறல் போன்ற இரைச்சல் பெருகி இரண்டு காதுகளையும் நிறைத்தது. அந்தத் தூறலுக்குள், அறையின் பின்மூலை இருக்க வேண்டிய தூரத்தில், யாரோ அசையாமல் இருப்பதன் பாரம் இருந்தது.

கடகட.

மிகச் சின்னதாக. பலகை.

பெட்டிக்குப் பின்பலகை கிடையாது. மூலையைப் பார்த்தாள். ஆம்பின் வயர் சுருட்டிக் கிடந்தது. குழல்கள் இருண்டு கிடந்தன.

மறுபடி. கடகட. அழுத்திப் பிடித்த கை சோர்ந்து, நழுவி, திரும்ப அழுத்தும் சத்தம்.

மைக் எதுவும் சொருகியிருக்கவில்லை. இருந்தும் சொன்னாள்.

"ஆச்சு."

ஹெட்போனுக்குள் ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. பிறகு முழங்கால் சொடுக்கும் சத்தம். அவன் எழுந்தால் எப்போதும் கேட்கும் சொடுக்கு.

"மறந்துட்டியா சத்தம்மா? கை மரத்தே போச்சு."

காலடிகள். இந்த அறைக் கதவின் கைப்பிடி கிறீச்சிட்டது, காதுக்குள். கண்ணெதிரே இருந்த கைப்பிடி அசையவில்லை. காலடிகள் தூரம் போயின. பால்கனிக் கதவு திறந்தது. மூடியது.

"எங்க போய்ட்ட?"

இங்கதான் இருக்கேன் என்று கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. படுக்கையறைக் கதவு. குளியலறைக் கதவு. "சத்தம்மா? விளையாடாத." சிரிப்பு குரலிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. வாசல் கதவை அவன் இழுத்தான். அது திறக்கவில்லை. இன்னும் இழுத்தான்.

சமையலறைக் குழாய் நின்றது. அதைக் காது சொல்லவில்லை. சுவருக்குள் ஓடும் குழாயின் நடுக்கம் நாற்காலிக் கால்களில் அடங்கியதைத் தொடை உணர்ந்தது. பிறகு சமையலறைப் பக்கமிருந்து காலடிகளாகத் தரை அதிர்ந்தது. மெதுவாக. ஒரே அளவாக.

திரும்பிப் பார்க்க வேண்டும். ஹெட்போனைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அவன் குரல் போய்விடும்.

கழற்றவில்லை.

முதுகின் நடுவில் ஓர் உள்ளங்கை பதிந்தது. விரல்கள் விரிந்து, தட்டையாக. கடகடக்கும் பலகையை நிறுத்துவது போல அழுத்தியது. சூடாக இருந்தது. தூசி கருகும் மணம்.

"மூச்சுகூட விடாத," என்றது குரல். அது அந்தக் கை வழியாக எலும்புக்குள் கேட்டது. "ஆச்சுன்னு நான் சொல்ற வரைக்கும்."

அடிக்குரலிலிருந்து அந்த ஊளை ஏறத் தொடங்கியது. அதற்கு அடியில், ஹெட்போனுக்குள் எங்கோ, அவளைத் தேடி அவன் வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.